1918-ல் முடிந்த போருக்கு 2010 வரை தவணை: முதல் உலகப் போரின் மிச்சம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன், நெருப்பு, பகை இந்த மூன்றிலும் மிச்சம் வைக்காதே என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். முதல் உலகப் போர் இந்த மூன்றிலுமே மிச்சம் வைத்துவிட்டுப் போனது. பள்ளிப் பிள்ளைகளோடும் அவர்களின் பெற்றோரோடும் அந்தப் போரைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம், தேதிகளையும் ஒப்பந்தங்களையும் சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர் எழுந்து, “நூறு வருஷம் ஆச்சே சார், இப்ப எதுக்கு இது?” என்று கேட்பார். அந்தக் கேள்வியும் அதையொட்டி வரும் மற்றக் கேள்விகளும்தான் இந்தப் பக்கம்.

1914 முதல் 1918 வரை என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அப்புறம் எப்படி முடியவில்லை என்கிறீர்கள்?

சுடுவது நின்ற தேதி அது. அதுவும் ஒழுங்காக நிற்கவில்லை. 1918 நவம்பர் 11, விடிவதற்கு முன் ஐந்து மணி சுமாருக்கு, பிரான்சின் கொம்பியேன் காட்டில் நின்றிருந்த ஒரு ரயில் பெட்டிக்குள் போர்நிறுத்தக் கையெழுத்து ஆனது. அமலுக்கு வருவது காலை 11 மணிக்கு. நடுவில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். சேதி எல்லா முனைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது, பீரங்கிகளும் முழங்கிக்கொண்டிருந்தன. அந்த ஒரு நாளில் மட்டும் இரு தரப்பிலும் சேர்த்து 2,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக ஒரு கணக்கு உண்டு.

அவர்களில் ஹென்றி கன்தர் என்ற அமெரிக்கச் சிப்பாயும் ஒருவர். பால்டிமோரில் வங்கி குமாஸ்தாவாக இருந்தவர், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தின் பேரன். போர்முனையின் அவலத்தைப் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதியதற்காகப் பதவி இறக்கப்பட்டவர். 10 மணி 59 நிமிடத்துக்கு ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஓடினார். எதிரில் இருந்தவர்களே “போ, போ” என்று கையை ஆட்டிப் பார்த்தார்கள். அவர் நிற்கவில்லை, அவர்கள் சுட்டார்கள். அதிகாரப்பூர்வமாகக் கடைசியாக இறந்த அமெரிக்கர் அவர்தான்.

போரில் கடைசியாக இறந்தவர் என்று யாரையாவது சொல்ல முடியுமா என்று கேட்டால் முடியாது. 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் முதல் உலகப் போர்க் குண்டு வெடித்து இறந்தார்கள். சுட்டவனும் செத்து, சுடச் சொன்னவனும் செத்து, எத்தனையோ வருஷம் கழித்து.

வயலில் இன்னுமா குண்டு கிடைக்கிறது?

ஒவ்வொரு வருஷமும். அங்கே அதற்கு ‘இரும்பு அறுவடை’ என்றே பெயர். பெல்ஜியம், பிரான்ஸ் வழியாக ஓடிய மேற்கு முனையில் நூறு கோடிக்கும் மேல் குண்டுகள் சுடப்பட்டன. அவற்றில் கணிசமானவை வெடிக்காமல் சேற்றில் புதைந்துபோயின. குளிரில் மண் இறுகி, வெயிலில் தளர்ந்து, ஆண்டுக்காண்டு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகிறது. மழை முடிந்து நம்மூர்க் கரிசலில் கல் மேலே வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஈப்பர் பக்கத்து விவசாயிகள் உருளைக்கிழங்குக்கு உழும்போது கலப்பையில் தட்டுப்படுவதை எடுத்துச் சாலையோர மின்கம்பத்தடியில் வைத்துவிடுகிறார்கள். அங்கே கான்கிரீட் கம்பங்களில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். சின்னக் குண்டு அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். தகவல் சொன்னால் ராணுவ வண்டி வந்து எடுத்துப்போகும். நம் ஊரில் குப்பை வண்டி வருகிற மாதிரி, அங்கே குண்டு வண்டி. பெல்ஜியத்தில் மட்டும் ஆண்டுக்கு 150 முதல் 200 டன் வரை இப்படிச் சேர்கிறது. விஷவாயுக் குண்டுகளும் அதில் இருக்கும். குலுக்கினால் உள்ளே திரவம் தளும்பும்.

பூமிக்கு மேலே வராதவையும் உண்டு. 1917 ஜூன் 7 அன்று ஈப்பருக்குத் தெற்கே மெசீன் குன்றின் அடியில் பிரிட்டிஷார் சுரங்கம் தோண்டி வைத்த 19 வெடிகள் ஒரே நேரத்தில் வெடித்தன. தயாரித்து வைத்து வெடிக்காமல் விட்ட சில அப்படியே மண்ணுக்குள் தங்கிவிட்டன. அதில் ஒன்று 1955-ல் ஓர் இடி விழுந்ததில் வெடித்தது. செத்தது ஒரு பசுமாடு.

போர் முடிந்த கையோடு பெல்ஜியம் வேறொரு வழியையும் கையாண்டது. சுமார் 35,000 டன் ஜெர்மன் குண்டுகளைக் கப்பலில் ஏற்றி, கரைக்குப் பக்கத்திலேயே ஒரு மணல் திட்டில் கொட்டியது. இன்றும் அவை அங்கேதான், சேறு மூடிக் கிடக்கின்றன. வெளியே எடுப்பதா, தொடாமல் விடுவதா என்று பல பத்தாண்டுகளாக விவாதம்.

இதெல்லாம் ஏதோ தூரத்து ஊர்க் கதை என்று யாழ்ப்பாணத்துக்காரர்கள் நினைக்க மாட்டார்கள். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை 2009-க்குப் பிறகு வருஷக்கணக்காக நடந்தது. முட்டி போட்டு, ஒரு சாண் ஒரு சாணாக மண்ணைச் சுரண்டிய அந்தக் கைகளில் பல, போரில் கணவனை இழந்த பெண்களின் கைகள்.

திரும்பிக் குடியேறவே முடியாத ஊர்கள் உண்டா?

உண்டு. 1916-ல் வெர்டன் நகரைச் சுற்றி பிப்ரவரி முதல் டிசம்பர் வரை, முந்நூறு நாள் சண்டை நடந்தது. இரு தரப்பிலும் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர். போர் முடிந்ததும் பிரெஞ்சு அரசு பாழான நிலத்தை வரைபடத்தில் வண்ணம் போட்டுப் பிரித்தது. மிக மோசமானதற்குச் சிவப்பு. முதலில் அது சுமார் 1,200 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். பின்னாளில் பெரும்பகுதியைச் சுத்தம் செய்து விவசாயத்துக்குத் திருப்பிவிட்டார்கள், ஒரு பகுதி இன்றும் காடுதான்.

வெர்டன் பக்கத்தில் ஆறு கிராமங்கள் மறுபடி கட்டப்படவே இல்லை. அதில் ஃப்ளோரி என்ற ஊருக்குப் போனால், மரங்களுக்கிடையே மேடும் பள்ளமுமாக ஒரு புல்தரை, நடுவே நடைபாதை. பாதையோரம் சின்னச் சின்னப் பலகைகள்: இங்கே ரொட்டிக்கடை, இங்கே பள்ளிக்கூடம், இங்கே கொல்லன் பட்டறை. வீடு ஒன்றும் கிடையாது. ஆனால் ஊருக்கு மேயர் உண்டு! வாக்காளரே இல்லாததால் அரசே நியமிக்கிறது. ஊர் பெயரை உயிரோடு வைத்திருப்பதுதான் அவர் வேலை.

அதே காட்டுக்குள் புல்லும் முளைக்காத ஓர் இடம் இருக்கிறது. 1928-ல் சுமார் 2 லட்சம் விஷக் குண்டுகளை அங்கே குவித்து எரித்தார்கள். 2007-ல் வெளியான மண் ஆய்வில், எடைக்கணக்கில் 17 சதவீதம் வரை ஆர்சனிக் இருந்தது தெரிந்தது. பிறகு வேலி போட்டு மூடிவிட்டார்கள்.

ஓர் இளவரசனைச் சுட்டதற்காகவா இவ்வளவும்?

1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்ட காவ்ரிலோ பிரின்சிப்புக்கு வயது 19. தீக்குச்சி அவன் கையில் இருந்தது. வைக்கோல் போரை அடுக்கியவர்கள் பேரரசர்களும் தளபதிகளும்: ஒருவருக்கொருவர் செய்துகொண்ட ராணுவ ஒப்பந்தங்கள், ஒருநாள் தாமதித்தாலும் தோற்போம் என்று போட்ட ரயில் அட்டவணைகள், கடற்படைப் போட்டி. ஐந்தே வாரத்தில் இத்தாலியைத் தவிர ஐரோப்பாவின் வல்லரசுகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

இருபது வயது ஆகாததால் பிரின்சிப்புக்குத் தூக்கு கிடையாது. தெரசின் கோட்டைச் சிறையில் காசநோயால் 1918-ல் இறந்தான். அடுத்த போரில் அதே கோட்டை நாஜிகளின் சிறையானது. பக்கத்திலேயே யூதர்களை அடைத்துவைத்த முகாமும் வந்தது. இடம்கூட மாறவில்லை, பாருங்கள்.

தோற்ற ஜெர்மனியைக் கசக்கிப் பிழிந்ததால்தானே ஹிட்லர் வந்தார்?

பாதி உண்மை. ஆனால் இந்தப் பாதி உண்மை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது முக்கியம். கதையை 1919-ல் தொடங்கினால் ஜெர்மனி பாவம் என்று தோன்றும். கொஞ்சம் பின்னால் போங்கள்.

1807-ல் பிரான்சின் நெப்போலியன், பிற்கால ஜெர்மனியின் மையமான பிரஷ்யாவைத் தோற்கடித்துப் பெருந்தொகையைக் கறந்தார். 1871-ல் பிரஷ்யா பிரான்சைத் தோற்கடித்து 500 கோடி ஃபிராங்க் கறந்தது, அல்சாஸையும் லொரைனின் ஒரு பகுதியையும் பிடுங்கிக்கொண்டது. ஜெர்மன் பேரரசு பிறந்ததாக அறிவித்தது பெர்லினில் அல்ல, பாரிசுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு மன்னர்களின் வெர்சாய் அரண்மனை கண்ணாடி மண்டபத்தில். வேண்டுமென்றே செய்த அவமானம். 1919 ஜூன் 28 அன்று, சரயேவோ கொலை நடந்து சரியாக ஐந்து வருஷம் ஆன நாளில், அதே மண்டபத்தில் ஜெர்மனியைக் கூப்பிட்டுச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 1940 ஜூனில் ஹிட்லர், கொம்பியேன் ரயில் பெட்டியை அருங்காட்சியகத்தின் சுவரை உடைத்து வெளியே எடுத்து, 1918-ல் நின்ற அதே இடத்தில் நிறுத்தி, அதற்குள் வைத்து பிரான்சிடம் கையெழுத்து வாங்கினார். பங்காளிச் சண்டையில் பார்க்கிற அதே புத்தி. முப்பாட்டன் காலத்து வரப்புத் தகராறில் யார் முதலில் கல்லைப் பிடுங்கியது என்று இரண்டு வீட்டிலும் வெவ்வேறு கதை சொல்வார்கள், இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கும்.

இனி மற்றப் பாதி. 1921-ல் ஜெர்மனிக்கு விதித்த இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க். 1923-ல் பிரெஞ்சுப் படை ரூர் சுரங்கப் பகுதிக்குள் புகுந்தபோது, ஜெர்மன் அரசு தொழிலாளர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொல்லிவிட்டு, நோட்டு அடித்துக் கூலி கொடுத்தது. அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு மொத்தமும் காகிதமானது. இருந்தாலும் ஹிட்லர் அப்போது வரவில்லை! நிலைமை கொஞ்சம் சீரான 1928-ல் அவர் கட்சிக்கு 2.6 சதவீத ஓட்டுதான் விழுந்தது. உலகப் பொருளாதாரம் குப்புற விழுந்த பிறகு, 1932 ஜூலையில் 37.3 சதவீதம். ஆக, பழைய பகை மட்டும் போதவில்லை, புதிதாக வேலையில்லாத் திண்டாட்டமும் தேவைப்பட்டது.

என்னைக் கேட்டால் அந்த வெர்சாய் ஒப்பந்தத்தைவிடப் பெரிய விஷம் வேறொன்று. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஜெர்மன் தளபதிகள் போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போடும் வேலையை மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற சிவிலியன் அரசியல்வாதியின் தலையில் கட்டினார்கள். அப்புறம், “ராணுவம் தோற்கவில்லை, ஊரில் இருந்தவர்கள் முதுகில் குத்திவிட்டார்கள்” என்று கதை கட்டினார்கள். தளபதி ஹிண்டன்பர்க்கே 1919-ல் விசாரணைக் குழுவின் முன் அதைச் சொன்னார். 1921-ல் எர்ட்ஸ்பெர்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1933-ல் ஹிட்லரைப் பிரதமராக்கிய குடியரசுத் தலைவர் அதே ஹிண்டன்பர்க்.

போர்க் கடனை யார் கட்டி முடித்தார்கள்?

பேரப்பிள்ளைகள். 1920-களில் இழப்பீடு கட்டுவதற்காக ஜெர்மனி வெளியிட்ட கடன் பத்திரங்களின் வட்டிப் பாக்கியின் கடைசித் தவணை 2010 அக்டோபர் 3 அன்று போனது. சுமார் 7 கோடி யூரோ. பிரிட்டன் 1917-ல் மக்களிடம் ‘தேசத்துக்குக் கொடுங்கள்’ என்று விளம்பரம் செய்து வாங்கி, பின்னர் வட்டியைக் குறைத்துப் புதுப்பித்துக்கொண்டே வந்த போர்க் கடனின் மிச்சம் 190 கோடி பவுண்டை 2015 மார்ச் 9 அன்று அடைத்தது. அந்தச் சிப்பாய்களில் ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை.

உயிரோடு திரும்பியவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். பதுங்குகுழிப் போரில் உடம்பு மண்ணுக்குள் இருக்கும், தலைதான் வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் முகத்தில் காயம் பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். தாடை இல்லாமல், மூக்கு இல்லாமல் பிழைத்தவர்கள். பிரான்சில் அவர்களை ‘உடைந்த முகங்கள்’ என்றே அழைத்தார்கள். வெர்சாயில் ஜெர்மானியர்கள் கையெழுத்திட வந்தபோது, அவர்கள் கண்ணில் படும்படி அப்படிப்பட்ட ஐந்து பேரை பிரெஞ்சுப் பிரதமர் கிளமான்சோ நிற்க வைத்திருந்தார்.

லண்டனுக்கு வெளியே சிட்கப் என்ற ஊரில் 1917-ல் இவர்களுக்காகவே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். ஹரால்ட் கிலீஸ் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவும் 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார்கள். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரியின் பெரும்பகுதி அங்கே பழகியதுதான். வார்டில் கண்ணாடி வைக்கத் தடை. மருத்துவமனையிலிருந்து ஊருக்குப் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். அதில் உட்கார்ந்திருப்பவர் முகம் சிதைந்தவர், பார்த்துப் பதறாதீர்கள் என்று ஊராருக்கு முன்னறிவிப்பு. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த நீல பெஞ்சில் போய் உட்காருகிற இருபத்திரண்டு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள்.

பாரிசில் ஆனா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி, மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்து, அந்தந்த ஆளின் தோல் நிறத்துக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தார். பழைய புகைப்படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தச் சாயலிலேயே செய்வார். மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியில் மாட்டிக்கொள்ள வேண்டும். சிக்கல் என்னவென்றால், முகமூடிக்கு வயதாகாது.

வெளியே காயம் இல்லாதவர்கள் கதை இன்னும் மோசம். நடுக்கம், பேச்சு நின்றுபோவது, தூக்கத்தில் அலறல். ‘குண்டு அதிர்ச்சி’ என்று 1915-ல் மருத்துவ இதழில் பெயர் வந்தது. ஆரம்பத்தில் பக்கத்தில் வெடித்ததில் மூளை குலுங்கியிருக்கும் என்று நினைத்தார்கள். குண்டு பக்கத்தில் விழாதவர்களுக்கும் வந்தபோது, கோழைத்தனம் என்றார்கள். ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆட்களில் 306 பேரைத் தானே சுட்டுக் கொன்றது. 2006-ல் அவர்கள் எல்லோருக்கும் மன்னிப்பு. தொண்ணூறு வருஷம் அந்த வீடுகளில் அவர்கள் பெயரைச் சொல்லாமலே வளர்ந்த பிள்ளைகள் உண்டு.

பெண்களுக்கு வேலையும் ஓட்டும் கிடைத்ததே, அது நன்மைதானே?

பிரிட்டனில் 1918-ல் முப்பது வயதைத் தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு ஓட்டு வந்தது உண்மை. ஆனால் அதே போரில் அதே அளவு உழைத்த பிரெஞ்சுப் பெண்கள் 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர்தான் ஓட்டு வாங்கிக் கொடுத்தது என்றால் பிரான்சுக்கு ஏன் கொடுக்கவில்லை? ஓட்டுக்காகப் பல வருஷம் தெருவில் இறங்கிச் சிறைக்குப் போனவர்களின் உழைப்பை ராணுவத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.

பிரான்சில் போர் விட்டுச்சென்றது சுமார் 6 லட்சம் விதவைகளையும் தகப்பன் இல்லாத பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளையும். ஆள் குறைந்துபோனதென்ற பயத்தில் 1920-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: கருத்தடை பற்றிப் பேசுவதும் பரப்புவதும் குற்றம். அது தளர 1967 ஆனது. போருக்கும் ஒரு பெண்ணின் படுக்கையறைக்கும் இடையே அரை நூற்றாண்டுக் கயிறு.

பிறக்காதவர்களின் கணக்கும் உண்டு. 1916-ல் பிரான்சில் பிறப்பு, போருக்கு முந்தைய அளவில் ஏறக்குறைய பாதி. அந்தக் குழந்தைகள் ராணுவத்தில் சேர வேண்டிய வயது 1935-க்குப் பிறகு. ஆள் போதாமல் பிரான்ஸ் கட்டாய ராணுவச் சேவையை இரண்டு வருஷமாக நீட்டியது, எல்லையில் கான்கிரீட் கோட்டைகளை நம்பி உட்கார்ந்தது. 1940-ல் ஜெர்மன் படை கோட்டைகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது.

போரால் அறிவியல் வளர்ந்தது என்கிறார்களே?

ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ஒரே ஆளை எடுத்துக்கொள்வோம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா செய்யும் வழியைக் கண்டவர். நம் ஊர் யூரியா மூட்டை வரைக்கும் வருவது அந்த வழிதான். உலக மக்களில் பாதிப் பேரின் சாப்பாடு அதை நம்பியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இதைப் போருக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள். போர் வந்ததும் அதே அம்மோனியா வெடிமருந்தானது. ஹேபர் அதோடு நிற்கவில்லை. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்பர் அருகே 150 டன்னுக்கும் மேல் குளோரின் வாயுவைக் காற்றில் திறந்துவிட்ட வேலையை முன்னின்று நடத்தினார். பத்தே நாளில், மே 2 அன்று, அவர் மனைவி கிளாரா இம்மர்வார் கணவரின் கைத்துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டார். அவரும் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஹேபர் மறுநாளே கிழக்கு முனைக்குக் கிளம்பிப் போனார்.

1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு. 1920-களில் அவர் நிறுவனத்தில் நடந்த பூச்சிக்கொல்லி வாயு ஆராய்ச்சியின் வழியில் வந்தது, பின்னாளில் நாஜி வதைமுகாம்களில் ஆட்களைக் கொன்ற சைக்ளான் பி வாயு. ஹேபர் யூதராகப் பிறந்தவர். 1933-ல் நாஜிகள் வந்ததும் ஊரை விட்டுப் போய், அடுத்த வருஷமே சுவிட்சர்லாந்தின் பாசலில் இறந்தார். அவருடைய உறவினர்கள் சிலர் வதைமுகாம்களில் மாண்டார்கள்.

இந்தியாவுக்கு இதில் என்ன சம்பந்தம்?

இந்தியாவிலிருந்து சிப்பாய்களும் கூலிகளுமாகச் சுமார் 13 லட்சம் பேர் கடல் கடந்து போனார்கள். 74,000 பேர் திரும்பவில்லை. பணமாக 10 கோடி பவுண்ட் ‘அன்பளிப்பு’ வேறு. ஆனால் இந்தியாவின் பெரிய சாவு போர்க்களத்தில் நடக்கவில்லை. 1918 நடுவில் பம்பாய்த் துறைமுகம் வழியாக இறங்கிய ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’ காய்ச்சல், துருப்புகள் போன ரயில் பாதையெல்லாம் பரவி, 1 கோடியே 20 லட்சம் பேரையாவது கொன்றது. அதைவிட அதிகம் சொல்கிற மதிப்பீடுகளும் உண்டு. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றிலேயே தலைக்கணக்கு குறைந்த ஒரே பத்தாண்டு 1911–1921. மொத்த உலகப் போரில் இறந்த எல்லா நாட்டுச் சிப்பாய்களையும் சேர்த்தாலும் ஏறக்குறைய ஒரு கோடிதான். நம் பாடப்புத்தகத்தில் இந்தக் காய்ச்சலுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது.

போருக்கென்று 1915-ல் போட்ட அடக்குமுறைச் சட்டத்தை, போர் முடிந்தும் விட மனமில்லாமல் 1919 மார்ச்சில் ரௌலட் சட்டமாக நீட்டினார்கள். ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக். போருக்கு மிக அதிகமாக ஆள் கொடுத்த மாகாணம் பஞ்சாப்தான்.

‘எம்டன்’ என்ற சொல் அந்தப் போரில் வந்ததா?

ஆமாம். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. இறந்தவர்கள் ஐந்து பேர் அளவில். ஆனாலும் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. உயர்நீதிமன்றச் சுவரில் ஒரு கல்வெட்டு இன்றும் அந்த இடத்தைக் காட்டுகிறது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் சொல்வதும், மலையாளத்தில் பிரம்மாண்டமானதை ‘எமண்டன்’ என்பதும் அந்த ராத்திரியின் மிச்சம். விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று ஊரில் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்தார்.

இத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை போர் வரும் என்று ஏதாவது கணக்கு உண்டா?

இதை நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்த ஒருவர் இருக்கிறார்: லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். பிரிட்டிஷ் வானிலை அறிஞர், போரை ஏற்காத குவேக்கர் சமயத்தவர். துப்பாக்கி எடுக்க மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிற்பாடு 1820-க்குப் பிறகு நடந்த போர்களையெல்லாம் தொகுத்து, செத்தவர்களின் எண்ணிக்கையை வைத்து நிலநடுக்க அளவுகோல் மாதிரி தரம் பிரித்தார். அவருக்குக் கிடைத்த விடை: போர்களுக்குக் கடிகாரம் கிடையாது. சாலை விபத்துகள் எப்படி விழுகின்றனவோ அப்படித்தான் ஆண்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. ‘முப்பது வருஷம் அமைதி, இனி வர வேண்டிய நேரம்’ என்பதற்கும் அடிப்படை இல்லை. ‘இவ்வளவு நாள் வரவில்லை, இனி வராது’ என்பதற்கும் இல்லை.

எல்லை நீளமாக இருந்தால் சண்டை அதிகமா என்று பார்க்கப் போனவருக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே உள்ள ஒரே எல்லையை ஒரு நாடு 987 கிலோமீட்டர் என்றும் மற்றது 1,214 கிலோமீட்டர் என்றும் எழுதி வைத்திருந்தது. சின்ன அளவுகோலால் அளந்தால் வளைவுகள் கூடி நீளமும் கூடும். பிற்காலத்தில் கணிதத்தில் ஒரு துறையே இதிலிருந்து கிளைத்தது.

கடிகாரம் இல்லை என்றால் பிரான்சும் ஜெர்மனியும் எழுபது வருஷத்தில் மூன்று முறை மோதியது? அது பாக்கி. கடிகாரம் தானாக ஓடும், பாக்கியை யாராவது நினைவில் வைத்துக் கேட்க வேண்டும்.

அப்படியானால் பாக்கியைத் தீர்த்த யாராவது உண்டா?

அதே இருவர்தான். ராபர்ட் ஷுமானின் அப்பா லொரைன்காரர், 1871-ல் எல்லை நகர்ந்ததால் ஜெர்மானியரானவர். மகனும் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்து, ஜெர்மனியில் சட்டம் படித்து, 1919-ல் எல்லை திரும்ப நகர்ந்தபோது பிரெஞ்சுக்காரர் ஆனார். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சராக 1950 மே 9 அன்று அவர் வைத்த யோசனை எளிமையானது: இரு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அமைப்பின் கீழ் கொண்டுவருவோம். இந்த இரண்டும் இல்லாமல் பீரங்கி செய்ய முடியாது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் செய்ய முடியாது என்ற நிலை வந்தால் பயப்படவும் வேண்டாம். 1951-ல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. 1953-ல் லண்டனில் கூடிய, கடன் கொடுத்தவர்கள் ஜெர்மனியின் கடனில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். 1919-ல் செய்ததற்கு நேர் எதிர். நல்ல மனசு மட்டும் காரணமில்லை, சோவியத் பயமும் இருந்தது. பயத்தில் செய்தாலும் நல்ல காரியம் நல்ல காரியம்தான்.

இப்போது நிலைமை என்ன?

2022 முதல் உக்ரைனில் பதுங்குகுழிகள், முள்கம்பி, நாளுக்கு ஆயிரக்கணக்கில் பீரங்கிக் குண்டு. தலைக்கு மேல் டிரோன் என்பதைத் தவிர 1916-ன் புகைப்படங்கள் போலவே இருக்கிறது. ஆள்கொல்லிக் கண்ணிவெடி வேண்டாம் என்று 1997-ல் செய்த உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக ஃபின்லாந்து, போலந்து, மூன்று பால்டிக் நாடுகள் 2025-ல் அறிவித்தன. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்று புதைப்பதை யார் தோண்டுவார்கள் என்ற கேள்விக்கு வெர்டனில் விடை இருக்கிறது: பேரனின் பேரன்.

அந்த இடங்களைப் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. ஈப்பரில் மெனின் வாயிலில் தினமும் இரவு 8 மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திக் கொம்பு ஊதுகிறார்கள். 1928-லிருந்து நடக்கிறது, ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது மட்டும் நின்றது. சுவரில் உள்ள ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் இந்தியப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். பிரான்சில் நோவ் ஷபெலில் இந்தியர்களுக்கென்றே தனி நினைவகம் உண்டு. வெர்டனில் துவோமோன் எலும்பகத்தின் பின்பக்கச் சுவரில் தாழ்வாகச் சின்ன ஜன்னல்கள் இருக்கும். குனிந்து பார்த்தால் உள்ளே எலும்புக் குவியல். பெயர் தெரியாத 1,30,000 பேர். யார் எந்த நாட்டுக்காரர் என்று பிரிக்க முடியாமல் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். ஞாபகார்த்தமாக எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். வயலோரம் நடக்கும்போது மின்கம்பத்து ஓட்டையில் துருப்பிடித்த ஏதாவது செருகியிருந்தால் தொடாமல் தள்ளிப் போங்கள். வண்டி வந்து எடுத்துக்கொள்ளும்.